முப்பதாம் திகதிக்கு முன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது

நான் றொசான். வயது இருபத்திமூன்று. மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம், ஒரு அப்பார்ட்மென்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று சர்மிளாக்கா அழத் தொடங்கிவிடுவார்.

அக்காவுக்கும் மாமாவுக்கும் இதைக் குரலில் அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அக்கா எதையும் சத்தமாகப் போட்டுத்தான் கேட்பார், குசினிக்குள் நிற்கிற அம்மாவின் காதில் விழும். அதனால் போனில் வாயால் சொல்லிச் சொல்லி எழுத்தாக்குகிறேன். நாங்கள் கதைக்கிற மாதிரிச் சொன்னால் இந்தப் போன் கண்டதையும் எழுதுகிறது, எனவே பள்ளிக்கூடத்துத் தமிழில் சொல்கிறேன். அன்டன் மாமா சிரிக்க வேண்டாம். சிரிக்கிற விஷயமும் இல்லை.

அப்பா உயிரோடு இருக்கிறார்.

நேற்று, சனிக்கிழமை, அவரை நேரில் கண்டேன். அவர் எனக்குச் சாப்பிடச் சொல்லி றோல்ஸ் தட்டை நீட்டினார்.

தம்பி மதுஷனும் இதை ஒரு நாள் வாசிக்க வேண்டும். அவன் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தவன். அவனுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன்.

2011 ஆகஸ்ட் மாதம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அம்மாவுக்கு ஆறு மாதம். மோட்டார் சைக்கிளுக்கு ரயர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று காலையில் போன அப்பா வரவில்லை. பின்னேரம் தலைமன்னார் வீதியோரம் மோட்டார் சைக்கிள் தனியாக நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. ரயர் பழையதுதான். அந்தக் காலத்தில் ஒரு வண்டி அப்படி நின்றால் எங்கள் ஊரில் யாரும் இரண்டு விதமாக யோசிப்பதில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். எத்தனையோ வீடுகளில் உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. எங்கள் வீட்டிலும் அதுதான் என்று நம்பினோம்.

அம்மா வயிற்றோடு இராணுவக் காம்ப் காம்பாகப் போனார். தம்பி பிறந்து நாற்பத்தொரு நாளில் அவனையும் தூக்கிக்கொண்டு போனார். ஒரு விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "உங்கட மனிசன் வெளிநாட்டில இன்னொருத்தியோட சந்தோசமா இருப்பான். நீங்கள் போய்ப் பிள்ளையளைப் பாருங்கோ" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா அவருடைய மேசையில் இருந்த கடதாசிகளை ஒரே கையால் வழித்து நிலத்தில் கொட்டினார். வெளியில் வரிசையில் நின்ற பெண்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள். அந்த வயதில் அம்மாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் போராட்டப் பந்தல் போட்டார்கள். எட்டு வருடமாக ஒவ்வொரு முப்பதாம் திகதியும் அம்மா அங்கே போகிறார். அப்பாவின் படம் மடு மாதா கோயில் திருநாளில் எடுத்தது. பெரிதாக்கும்போது பக்கத்தில் நின்ற அம்மாவை வெட்டிவிட்டார்கள். ஆனால் அவருடைய தோளில் அம்மாவின் கை மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று அம்மாவின் கண் ஒன்று மங்கிப்போனது. வருகிற வியாழக்கிழமை முப்பதாம் திகதி. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அம்மாவைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரில் அம்மா ஒருவர். இரண்டு கிழமையாக அதையே என்னோடு கதைக்கிறார். "நான் நடுங்காமல் சொல்லுவன்தானே றொசான்?" என்று கேட்கிறார்.

இனி நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது.

என்னோடு சலாட் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் டனிஸ்ரன் என்று ஒரு அண்ணன் வேலை செய்கிறார். யாழ்ப்பாணம். மதிய இடைவேளையில் போனில் மரண அறிவித்தல்கள் மட்டும்தான் வாசிப்பார்.

"செத்தது ஆரெண்டு எனக்குத் தேவையில்லை, தம்பி," என்பார். "கடைசி வரியைத்தான் பாக்கிறது. மதியபோசனம் எண்டு போட்டிருந்தா அந்தச் சனிக்கிழமை நான் சமைக்கத் தேவையில்லை."

போன செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார். "டேய், உங்கட மன்னார்க்காரர் ஒராள் பிரான்சில முடிஞ்சுது. இஞ்ச மொன்றியலில பூசை வைக்கினம். சாப்பாடும் இருக்கு. வாறியா?"

சிரித்துக்கொண்டுதான் போனை வாங்கினேன்.

மன்னாரைப் பிறப்பிடமாகவும் பிரான்ஸை வதிவிடமாகவும் கொண்ட அருமைராசா. கீழே இருந்த தாய் தகப்பன் பெயர் இரண்டும் எங்கள் அப்பப்பா, அப்பம்மாவின் பெயர்கள். பெரியப்பா! அப்பா காணாமல் போனபோது அம்மாவிடம் போனில் அழுது, "மாக்கிரட், நானும் தேடுறன், எல்லா இடமும் எழுதிப் போட்டிருக்கிறன்" என்று சொன்ன அதே பெரியப்பா. இரண்டு வருடத்தில் அவருடைய நம்பரே மாறிவிட்டது. நாங்கள்தான் அவரைக் கரைச்சல்படுத்திவிட்டோம் என்று அம்மா கவலைப்பட்டார்.

அதற்குக் கீழே இப்படி இருந்தது: "ஞானேந்திரன் (கனடா) அவர்களின் பாசமிகு சகோதரரும், அஜந்தாவின் அன்பு மைத்துனரும், அஞ்சலீனா, றொக்சன் ஆகியோரின் அன்புப் பெரியப்பாவும் ஆவார்."

ஞானேந்திரன் என்ற அப்பாவின் பெயர் இன்னொருவருக்கும் இருக்கலாம் என்று யோசிக்க முடியாது, ஒரே தாய் தகப்பன். ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்தது றொக்சன் என்ற பெயரைத்தான். அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெடியன் பிறந்தால் றொக்சன் என்று வைப்போம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் திரும்பி வந்து தன் வாயால் கூப்பிடட்டும் என்று அம்மா அந்தப் பெயரை வைக்காமல் விட்டார். தம்பி மதுஷனானான். அந்தப் பெயர் இங்கே இன்னொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

எங்கள் நாலு பேரின் பெயரும் அந்த அறிவித்தலில் இல்லை.

"இவ்வளவு நாள் ஒளிச்சுவைச்ச ஆளை ஏன் அண்ணை பேர் போட்டு விட்டவை?" என்று, விஷயத்தைச் சொல்லிவிட்டு, டனிஸ்ரன் அண்ணனிடம் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "போடாமல்? செத்தவீட்டு நோட்டீசில ஒரு பேர் விட்டுப் பார். பத்து வருசத்துக்கு வாசல் மிதிக்க மாட்டினம். அஜந்தா எண்ட அந்தப் பொம்பிளை தானே போன் பண்ணி, என்ர பேரையும் பிள்ளையளின்ர பேரையும் போடுங்கோ எண்டு சொல்லியிருப்பா."

அதுதான் நடந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஒரு மனிதனைப் பதினாலு வருடம் மறைக்க முடிந்தது. அறிவித்தலில் ஒரு பெயரை விட மட்டும் முடியவில்லை.

கடைசியில் தொடர்புக்கு என்று ஒரு மொன்றியல் நம்பர் இருந்தது. மூன்று முறை அடித்தேன். இரண்டு முறை மணி அடிக்க முதலே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை, "அலோ? ஓம், ஞானம் கதைக்கிறன்" என்றது. அப்பாவின் அந்தக் குரல். உடனே வைத்துவிட்டேன்.

நேற்று டனிஸ்ரன் அண்ணனின் காரில் போனேன். விஷயம் அவருக்குத் தெரியும். வழி முழுக்க அவர் பகிடி விடவில்லை. "இல்-பிசாரில தனி வீடு எடுத்து இருக்கிறாராம்," என்று மட்டும் சொன்னார். "பஸ்சே ஒழுங்காப் போகாத தீவு. ஒளிக்கிறதுக்கு நல்ல இடம்."

பூசையில் பின்வரிசையில் இருந்தேன். அவர் முன்வரிசையில், கறுப்புக் கோட்டோடு. முதுகு மட்டும்தான் தெரிந்தது. மன்றாட்டு நேரம் ஒரு பெண் எழுந்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகவும் அவர்களைத் தேடும் தாய்மாருக்காகவும் மன்றாடுவோம் என்று வாசித்தார். எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அவரும் சொன்னார். சும்மா முணுமுணுக்கவில்லை, வடிவாக, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்! எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. டனிஸ்ரன் அண்ணன் என் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டார்.

பூசை முடிய, கோயிலுக்குக் கீழே இருக்கிற மண்டபத்தில் சாப்பாடு. அவர் வீட்டுக்காரராக நின்று எல்லோரையும் உபசரித்துக்கொண்டு வந்தார். தலைமயிருக்கு மை அடித்திருக்கிறார். வயிறு முன்னால் தள்ளி வண்டி வைத்திருக்கிறது. என் முன்னால் வந்து தட்டை நீட்டினார்.

"எடுங்கோ தம்பி. வெக்கப்படாதேங்கோ. ஆர், புதுமுகமாக் கிடக்கு? எந்த இடம்?"

"மன்னார்."

"அட, எங்கட ஊர்! மன்னாரில எவடம்? ஆற்ற பிள்ளை?"

"மாக்கிரட்டின்ர. நான் றொசான்."

தட்டு சரிந்து இரண்டு றோல்ஸ் நிலத்தில் உருண்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான். பிறகு என் முழங்கையைப் பிடித்து, பக்கக் கதவால் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மெல்லமாக் கதை. சனம் நிக்குது."

"ரயர் மாத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"உனக்கு விளங்காது, றொசான். அப்ப இருந்த நிலைமை அப்பிடி. என்ர பேரைக் கேட்டு ரெண்டு பேர் கராஜுக்கு வந்தவங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புற ஏஜென்சிக்காரன் இண்டைக்கே வெளிக்கிடு எண்டான்."

"சரி. பயந்து ஓடினீங்கள். அதைப் பிழையெண்டு ஆர் சொன்னது? இஞ்ச வந்து இறங்கின பிறகு ஒரு கோல் எடுக்க ஏலாமல் போச்சா?"

திட்ட வேண்டும் என்று போன வாயில் "நீங்கள்" என்றுதான் வந்தது. அதற்கு இப்போதும் என்னில் எனக்குக் கோபம்.

"எடுக்க நினைச்சனான்."

"பதினாலு வருசமா நினைச்சனீங்களோ?"

"முதல் வருசம், போனை ஒட்டுக் கேப்பாங்கள் எண்ட பயம். அதுக்குள்ள கொம்மா முறைப்பாடு எல்லா இடமும் குடுத்திட்டா. சனமெல்லாம் அவவை மதிக்கத் தொடங்கீட்டுது. அதுக்குப் பிறகு நான் உயிரோட இருக்கிறன் எண்டு சொன்னா ஆருக்கு வெக்கம்? அவவுக்குத்தானே? அவவின்ர மரியாதைக்காகத்தான் நான் சும்மா இருந்தது."

கேட்டீர்களா? அம்மாவின் மரியாதைக்காக. அவர் இங்கே குடும்பம் நடத்தியதும் அம்மாவின் மரியாதைக்காகத்தான் போலிருக்கிறது.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: "கொம்மா என்ர படத்தோட பந்தலில நிண்டது பேப்பரில வந்ததெல்லே? அதைக் கொண்டே குடுத்துத்தான் என்ர அகதிக் கேஸ் சரிவந்தது. ஆறு வருசமா இழுபட்ட கேஸ். கடவுளறிய, அவ செய்த உதவியை நான் மறக்கேல்லை."

உதவி. அம்மா வெயிலில் நிற்பதைப் படமாகப் பார்த்திருக்கிறார். பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி, பைலில் வைத்திருக்கிறார். தன்னைத் தேடுகிற மனிசியைக் காட்டித் தனக்கு விசா எடுத்திருக்கிறார்.

"வியாழக்கிழமை அம்மா பேசப்போறா," என்றேன். "அதுக்கு முதல் நீங்களே எடுத்து அவவுக்குச் சொல்லுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன். வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் பதில் சொல்ல முதல் கதவு திறந்தது. பத்து வயது இருக்கும், ஒரு பெண் பிள்ளை. அக்கா, சின்ன வயதில் உங்களுடைய நெற்றி அப்படியே. என்னைக் காட்டி, "செ கீ, பப்பா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். யார் இது என்று.

"பெர்சொன்," என்றார் அவர்.

யாருமில்லை என்று அர்த்தம். நானும் பின்னேரத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். அந்தச் சொல் முதல் மாதத்திலேயே படிப்பித்துவிட்டார்கள்.

பிள்ளை உள்ளே போனதும் அவருடைய முகம் மாறிவிட்டது. பயம் போய்விட்டது. என்னை முதல்தரமாக மேலும் கீழும் பார்த்தார்.

"நீயும் இஞ்ச கேஸ் போட்டிருக்கிறியோ?"

"ஓம்."

"என்ன குடுத்தனி?"

நான் குப்பைத் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பினேன். அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்தார்.

"தேப்பனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், தாய் போராடுறா, அதால எங்களுக்குக் கரைச்சல். அதுதானே? எப்ப விசாரணை?"

"டிசம்பர் எட்டு."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரு, ராசா. நான் காணாமல் போன ஆளாவே இருந்திட்டுப் போறன். உனக்கு இஞ்ச இருக்கப் பேப்பர் கிடைக்கும். கொம்மாவுக்கு மரியாதை. எனக்கு நிம்மதி. இதில ஆருக்கு நட்டம், சொல்லு பாப்பம்?"

அவரை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று நேற்றிலிருந்து நினைக்கிறேன். "சாப்பிட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். அம்மாவின் வயிற்றில் விட்டுப்போன பிள்ளை பெடியனா பெட்டையா என்று கடைசி வரை அவர் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது டனிஸ்ரன் அண்ணன் காரை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் வாங்கித் தந்தார். "தம்பி, உன்ர கேஸ் முடியுமட்டும் பொறுக்க மாட்டியா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். பொய் சொல்ல மாட்டேன், நானும் அதை யோசித்தேன். ஆறு கிழமைதானே. அம்மா பதினாலு வருடம் பொறுத்தவர், இன்னும் ஆறு கிழமையில் என்ன வரப்போகிறது? எனக்கு இங்கே இருக்க வேறு எந்தக் காரணமும் இல்லை. இந்தக் கேஸ் தோற்றால் என்னைத் திருப்பி அனுப்பலாம். கடன்பட்டு அனுப்பின மாமாவின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றும் யோசித்தேன்.

இன்று காலை எழுந்தபோது எனக்கு என்னிலேயே வெறுப்பு வந்தது. என்னுடைய பைலிலும் அதே படம்தான் இருக்கிறது. அம்மா பந்தலில் நிற்கிற படம். நான் உண்மை என்று நம்பிக் கொடுத்தேன், அவர் பொய் என்று தெரிந்து கொடுத்தார். நேற்று வரைக்கும்தான் அந்த வித்தியாசம். தெரிந்த பிறகும் நான் டிசம்பர் எட்டாம் திகதி அந்தப் படத்தை மேசையில் வைத்தால், நானும் அவரும் ஒன்றுதான்.

அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்மாக்களை யோசியுங்கள். தன் இரண்டு பெடியன்களையும் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு இன்னும் காத்திருக்கிற அந்த மனிசி. பேரப்பிள்ளையைத் தேடுகிறவர். அவர்கள் சொல்வதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அந்த அறிவித்தல் இப்போது எல்லாப் போனிலும் கிடக்கிறது, மன்னாரில் யாரும் எந்த நேரமும் காணலாம். அம்மா வெளிநாட்டாருக்கு முன்னால் பேசி முடித்த பிறகு அது வெளியில் வந்தால், பார்த்தீர்களா, எல்லோருடைய மனிசன்மாரும் இப்படித்தான் என்று சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஒரு நாயின் வேலைக்கு அத்தனை பேருடைய கண்ணீரையும் பொய்யாக்கிவிடுவார்கள். அம்மாவுக்கு அதைத் தாங்க ஏலாது. அப்பா ஓடினதைத் தாங்குவார். இதைத் தாங்க மாட்டார்.

நாளை காலை லோயருக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். வருவது வரட்டும். மாமா, என்னை ஏசுவதென்றால் பிறகு ஏசுங்கள்.

நானே அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல மூன்று தரம் முயற்சி செய்தேன். "சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டதும் ஓம் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். போனில் சொல்லி, அவர் விழுந்தால் தூக்க நான் அங்கே இல்லை.

ஆகவே இதை அக்காவோ, மாமாவோ, யார் முதலில் திறந்து வாசிக்கிறீர்களோ அவரிடம் கேட்கிறேன். வியாழக்கிழமைக்கு முன் அம்மாவுக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். ஒன்றையும் குறைக்க வேண்டாம். பந்தலுக்குப் போவதா, போனால் என்ன பேசுவது என்று அம்மாவே முடிவெடுக்கட்டும், நீங்கள் யாரும் புத்தி சொல்ல வேண்டாம். சொல்லி முடிந்ததும், எந்த நேரமாக இருந்தாலும், எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடியுங்கள்.